இல்லாத ஐந்து கடைகளும் இருந்த ஒரு கடையும்

என் கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது என்பதைக் கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். சொன்னவர் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எதிரில் இருந்த மோட்டாருக்குள் செம்புக் கம்பியைத் திணித்தபடியே பேசினேன்.

"இன்னாம்மா, கடைய மூடிட்டியா? ஒரு வார்த்த சொல்லல?"

"யாரு சொன்னது? தொறந்துதானே வெச்சிருக்கேன்."

"மேப்புல செவப்பா போட்டிருக்குதே."

கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் போனில் மேப்பைத் திறந்தேன். என் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று இருந்தது. அதற்கும் கீழே, ஒற்றை நட்சத்திரம் கொடுத்து ஒரு ஆள் எழுதியிருந்தார்: 'இது போலி கடை. காலனியில் இப்படி ஒரு கடையே கிடையாது. மக்கள் ஏமாற வேண்டாம். மோட்டார் பளுதுக்கு டவுனில் நல்ல கடைகள் பல உள்ளன.'

நான் கோபக்காரி. இதை ஒளித்து வைத்துக்கொண்டு நல்லவளைப் போல எழுத எனக்கு வராது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ஒரு மணி நேரத்தில் போகிற கோபம் இல்லை. அந்த ஆள் யார் என்று தெரியாதபோதே, இவனை விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

கடை எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் இந்தக் கோபம் புரியும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பல வருஷம் வேலை செய்தேன். அங்கே மோட்டாருக்குக் காயில் கட்டும் பிரிவில் இருந்தவர்கள் முக்கால்வாசி பெண்கள்தான். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனதும் செஞ்சிக்கே திரும்பி வந்து, வீட்டின் முன் அறையைக் கடையாக்கினேன். வாசலுக்கு மேல் தகரத்தில் ஒரு போர்டு மாட்டினேன். போர் மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றி, காய வைத்துக் கொடுப்பேன். செஞ்சியைச் சுற்றி மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் நெல்லும் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த வேலை தேவை. கோடையில் ஒரு மோட்டார் நின்றால் ஒரு குடும்பமே கொல்லையில், காய்கிற பயிருக்கு நடுவில் நின்று வானத்தைப் பார்க்கும்.

ஆனால் எனக்கு வேலை வரவில்லை. பெண் காயில் கட்டுவாளா என்ற சந்தேகம் ஒரு பக்கம். அதைச் சமாளித்துவிடலாம், இரண்டு மோட்டார் நன்றாக ஓடினால் போதும். சமாளிக்க முடியாதது விலாசம். எங்கள் இடத்துக்குக் காலனி என்று பெயர். ஊர் வேறு, காலனி வேறு. தமிழ்நாட்டில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. போனில் வழி கேட்பார்கள். "காலனிக்குள்ள வந்து தண்ணி டேங்க் தாண்டி" என்று நான் சொல்லும்போதே அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோகும். பிறகு, "சரிம்மா, நான் பாத்துட்டு வரேன்" என்பார்கள். பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் வரப்போவதில்லை என்று அர்த்தம்.

மேப்தான் என்னைக் காப்பாற்றியது. மேப்புக்கு ஊரும் தெரியாது, காலனியும் தெரியாது. இடது பக்கம் திரும்பு, நேராகப் போ என்று மட்டும் சொல்லும். மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அது சொன்னபடி வந்து சேர்வார்கள். இறங்கிய பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று சிலருக்குத் தெரியும். அவ்வளவு கனத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. ஒருமுறை கொடுத்துவிட்டால் என் வேலை பேசிவிடும். இப்படித்தான் நான் ஒவ்வொரு வாடிக்கையாகப் பிடித்தேன். அந்த வழியைத்தான் எவனோ சிவப்பு எழுத்தால் அடைத்திருந்தான்.

அவர் எழுதிய வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு முதலில் கண்ணில் குத்தியது 'பளுது' என்ற வார்த்தை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாயில் ழ வராது. எனக்கும் வராது, வாழைப்பழத்தை நானும் வாளப்பளம் என்றுதான் கேட்டு வாங்குகிறேன். ஆனால் வாயில் வராத ழ எனக்குக் கையில் வரும். பள்ளிக்கூடத்தில் அதற்காக நான் தின்ற அடி கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த ஆளுக்குக் கையிலும் வரவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு.

அவர் பெயரை அழுத்தினால், மேப்பில் இதுவரை என்னென்ன எழுதியிருக்கிறார் என்று எல்லாம் வரிசையாக வந்தது. ஊர் வழிகளை நன்றாகத் தெரிந்தவர் என்று மேப்காரர்கள் கொடுக்கும் பட்டமும் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. கோட்டையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பிரியாணிக் கடைக்கு நாலு நட்சத்திரம். அதற்குப் பிறகு செஞ்சியில் ஐந்து மோட்டார் கடைகளுக்கு ஐந்தைந்து நட்சத்திரம். அந்த ஐந்து கடைகளையும் திறந்து பார்த்தேன். ஐந்திலும் 'மோட்டார் பளுது உடனடியாக நீக்கப்படும்'. கீழே பாராட்டி எழுதியவர்கள் வேறு வேறு பெயரில் இருந்தார்கள். ஒருவர் 'விளுப்புரம் ரோட்டிலிருந்து வந்தேன்' என்றார். இன்னொருவர் 'வாளைத் தோப்புக்குத் தண்ணி பாய்ந்தது' என்றார். வாய் பல, கை ஒன்று.

மறுநாள் ஐந்து நம்பருக்கும் போன் செய்தேன். கொல்லையில் மோட்டார் எரிந்துவிட்டது, கட்டித் தருவீர்களா என்று குரலை மாற்றிக் கேட்டேன். எடுத்தவர் ஒவ்வொரு தடவையும், "எந்த ஊரும்மா? வண்டி அனுப்பறேன், கடைக்கு வரவேணாம்" என்றார். கடைக்கு வரவேண்டாம் என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? ஐந்து போனிலும் பின்னால் ஒரே சத்தம் கேட்டது, அலுமினியம் அறுக்கும் மெஷின். அது ஒரு தடவை நின்று, கீச்சென்று மறுபடி பிடித்துக்கொள்ளும்.

விழுப்புரம் ரோட்டில் அலுமினியக் கதவு செய்கிற கடை இருக்கிறது. அதை ஒட்டி, புது மோட்டார் விற்கிற ஒரு கடை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்த முகம்தான். எதிரில் நின்று, அந்த ஐந்தில் ஒரு நம்பரைக் கூப்பிட்டேன். அவர் மேஜையில் வரிசையாகக் கிடந்த போன்களில் ஒன்றை எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றார். நான் வைத்துவிட்டேன்.

சூழ்ச்சி எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. விவசாயி ஒருவர் மோட்டார் எரிந்ததும் மேப்பில் தேடுவார். நாலைந்து கடைக்குப் போன் செய்து விசாரிப்பார். நாலு பேரிடம் விசாரித்துவிட்டோம் என்ற திருப்தி அவருக்கு. உண்மையில் ஒரே ஆளிடம்தான் நாலு தடவை விசாரித்திருக்கிறார். அந்த ஐந்துக்கு நடுவில் நிஜமாக ஒரு கடை இருந்தால் கணக்குக் கெட்டுவிடும், அதனால்தான் என்னை மூடிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, இவ்வளவு பெரிய கடைக்காரர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாரே என்று. அந்தப் பெருமை எவ்வளவு அசட்டுத்தனம் என்று பிறகு தெரிந்தது.

"வுடும்மா. நாம நம்ம வேலய பாப்போம்" என்றார் நைனா. அவர் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். யாரோடும் சண்டை வைத்துக்கொண்டதில்லை. அப்படி இருந்தே பழகிவிட்டது.

"வேல எங்க இருக்குது நைனா, பாக்கறதுக்கு?" என்றேன். ஒரு வாரமாக ஒரு மோட்டாரும் வந்திருக்கவில்லை.

அவருடைய ஐந்து கடைகளும் மேப்பில் எங்கே குத்தப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடை, கட்டணக் கழிப்பிடத்தின் பின்சுவராக இருந்தது. திண்டிவனம் ரோட்டுக் கடையில் யாரோ மணிலா காயப் போட்டிருந்தார்கள். அது ஒரு களம். சேத்துப்பட்டு ரோட்டில் இருந்தது எப்போதோ மூடின ரைஸ் மில், கேட்டில் பூட்டு துருப்பிடித்துப்போயிருந்தது. நாலாவதைத் தேடிக்கொண்டு போனால் மேப் என்னைக் கோட்டை அகழிக்கே கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே தொல்லியல் துறைக்குத் தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது, இவர் இருபத்திநாலு மணி நேர மோட்டார் கடையே நடத்திக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். டிக்கெட் கொடுக்கிற ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலுக்கும் படம் எடுத்து, 'இந்த இடம் இங்கே இல்லை' என்று புகார் அனுப்பினேன். ஐந்தாவது கடைக்கு அன்று நேரம் இல்லை. அதன் விலாசத்தில் தெருப் பெயரே இல்லாமல் வெறும் 'செஞ்சி' என்று மட்டும் இருந்ததால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் நாலுக்கும் பதில் வந்தது. 'உங்கள் திருத்தத்தை எங்களால் ஏற்க முடியவில்லை.' என் கடை திறந்துதான் இருக்கிறது என்று நான் அனுப்பியதற்கும் அதே பதில். கழிப்பிடச் சுவரை நம்புகிறார்கள், என்னை நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அந்த ஆளுக்குப் பட்டம் இருந்தது, எனக்கு இல்லை. மேப்பில் நிறைய இடங்களைச் சேர்த்து, திருத்தி, படம் போட்டுப் பழகினவர்களின் பேச்சுக்குத்தான் மதிப்பு. நேற்று வந்தவள் புகார் சொன்னால் எடுபடாது. சரி, எனக்கும் பட்டம் வேண்டும் என்று முடிவு செய்தேன். மோட்டார் வராத கைக்கு வேறு என்ன வேலை?

எங்கள் காலனியில் இருந்தே ஆரம்பித்தேன். மேப்பில் அது வெறும் சாம்பல் நிறத் திட்டாக இருந்தது. இத்தனை வீடு இருந்தும் ஒரு தெருவுக்குப் பெயர் இல்லை. மேட்டுத் தெரு, டேங்க் தெரு, பள்ளத் தெரு என்று நாங்கள் சொல்கிற பெயர்களை எல்லாம் ஏற்றினேன். அங்கன்வாடி, ரேஷன் கடை, இட்லிக் கடை, தையல் கடை, சைக்கிளுக்குப் பஞ்சர் போடுகிற இடம் எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்தேன். இட்லிக் கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போஸ் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். டவுனுக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் தப்பாக இருந்த கடை நேரங்களைத் திருத்தினேன். சிங்கவரம் போகிற வழியில் மூடிப்போன ஒரு டீக்கடையை எடுத்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு அது ஊர் சேவை. எனக்கு அது கத்தியைத் தீட்டுகிற வேலை. ஒவ்வொரு படம் போடும்போதும் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சில மாதங்களில் என் பெயருக்குப் பக்கத்திலும் பட்டம் வந்தது. மறுபடி நாலு இடங்களுக்கும் போனேன். இந்தத் தடவை சும்மா சுவரைப் படம் எடுக்கவில்லை. எதிரில் இருப்பது, பக்கத்தில் இருப்பது, ரோட்டில் இருக்கிற மைல் கல் எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்தேன். ஐந்து கடைக்கும் ஒரே ஷட்டர் படத்தைப் போட்டுப் பெயரை மட்டும் மாற்றியிருந்ததையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன்.

முதலில் கழிப்பிடம் போனது. அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன். பிறகு களம், பிறகு ரைஸ் மில். கடைசியாக அகழி மூழ்கியது. ஒவ்வொன்று மறையும்போதும் எனக்கு உள்ளுக்குள் அப்படி இனித்தது. அடுத்தவர் நஷ்டத்தில் சந்தோஷப்படுவது பாவம் என்று யாராவது சொன்னால், அவர்கள் கடையை யாரும் மூடியதில்லை என்று அர்த்தம். ஆனால் என் சிவப்பு எழுத்து மட்டும் போகவில்லை. பட்டம் வந்தும், சொந்தக் கடைக்கு நானே சாட்சி சொன்னது செல்லுபடியாகவில்லை.

அந்த நேரத்தில்தான் தொண்டூரிலிருந்து ஒரு விவசாயி மினி வேனில் மோட்டாரோடு வந்து என் வாசலில் நின்றார். கையில் போனைப் பிடித்துக்கொண்டு வீட்டையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இங்க மோட்டார் கடை ஒண்ணு…" என்று இழுத்தார்.

"இதுதாங்க. எறக்குங்க."

"பேரு வேறயா இருக்குதே" என்று போனைக் காட்டினார்.

அவர் காட்டியது என் கடை இல்லை. அந்த ஆளின் ஐந்தாவது கடை. இடத்தைக் காட்டும் அதன் முள் என் வீட்டுக் கூரை மேலேயே குத்தியிருந்தது. என் கடையின் முள்ளுக்கு அடியில் மறைந்திருந்ததால், காலனியை மேப்பில் ஏற்றும்போதுகூட என் கண்ணில் படவில்லை. கடைக்கு வரவேண்டாம் என்று போனில் சொல்லியும், வண்டிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இவர் மேப்பைப் பார்த்து நேரே வந்துவிட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். போர்டில் இருப்பது என் கடை, போனில் இருப்பது பொய். அவர் போர்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என் கையில் ஒட்டியிருந்த வார்னிஷைப் பார்த்தார்.

"எவரு கட்னா இன்னாம்மா. மணிலா பூ வெச்சிருக்குது. தண்ணி வந்தா சரி" என்று இறக்கிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அந்த ஐந்தாவதையும் எடுத்துவிட்டிருக்கலாம். படம்கூடத் தேவையில்லை, என் வாசலில் நின்று அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை. அது எனக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அது இல்லை. மற்ற நாலையும் இழந்தவர் இந்த ஒன்றைக் காப்பாற்ற ஏதாவது செய்வார் என்று தோன்றியது. என்ன செய்வார் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அவர் நேரிலேயே வந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். தண்ணி டேங்க் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, இரண்டு பேரிடம் வழி கேட்டு, கடைசியில் எங்கள் வாசலில் வந்து நின்றார். அதே வெள்ளைச் சட்டை. அக்குளில் நியூஸ் பேப்பர் சுற்றிய ஒரு நீளமான போர்டு. நான் உள்ளே இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"இன்னாபா, இது யாரு வூடு?" என்றார் நைனாவைப் பார்த்து. நைனா அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர்.

நைனா முட்டி வலியோடு எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு அவர் அறியாமலேயே கைக்கு இறங்கிவிட்டது. "நம்ம வூடுதாங்க. வாங்க" என்று பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நைனா மேல் இல்லை.

"பரவால்லபா, நிக்கறேன். ஒரு ஒதவி. ஒரு பத்து நிமிஷம் இந்த போர்ட உங்க செவுத்துல மாட்டிக்கறேன். ஒரு வீடியோ எடுத்துட்டு கயட்டிடறேன்."

நான் வெளியே வந்தேன். "எதுக்கு சார் வீடியோ?"

என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நைனாவிடமே பதில் சொன்னார். மேப்பில் அவர் கடை இந்த இடத்தில் இருக்கிறதாம். மற்ற கடைகளை எல்லாம் எவனோ கம்ப்ளைன்ட் கொடுத்துத் தூக்கிவிட்டானாம். மிச்சம் இருப்பதும் நிஜம்தானா என்று மேப்காரன் சந்தேகப்பட்டு, கடையையும் தெருவையும் நேரில் நின்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறானாம். இடத்தை மாற்றப் போனால், இத்தனை வருஷம் சேர்த்த நட்சத்திரம் எல்லாம் போய்விடுமாம்.

"அதுக்கு எங்க காலனில ஏன் சார் வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"மேப்புல பாத்தம்மா. இந்தப் பக்கம் ஃபுல்லா காலியா இருந்துச்சு. ஒரு தெரு பேருகூட கெடயாது. சரி, காலிதானேன்னு வெச்சேன்." அவர் இதை வருத்தத்தோடும் சொல்லவில்லை, திமிரோடும் சொல்லவில்லை. காலி மனையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். அவருக்குப் பின்னால் இட்லிக் கடைக்காரம்மா தட்டுக் கழுவிக்கொண்டே நின்று வேடிக்கை பார்த்தார்.

"இங்க வேற ஒரு மோட்டார் கடை மேப்புல இருந்துச்சே. அத போலின்னு எழுதினது நீங்கதானா?"

"ஆமா, நான்தான். எவனோ நம்மள மாதிரியே சும்மா ஒண்ண வெச்சி வுட்டிருந்தான். ஏரியா புடிக்கப் பாத்தான். காலனில எவன் மோட்டார் கடை வெப்பான்? அதான் அடிச்சி வுட்டேன்."

இத்தனை மாதமாக நான் இந்த ஆளை நினைக்காத நாள் இல்லை. சாப்பிடும்போது நினைத்தேன், பஸ்ஸில் நினைத்தேன், கம்பி சுற்றும்போது நினைத்தேன். இவர் என்னை ஒரு நாள்கூட நினைத்ததில்லை. என்னைப் பார்த்துப் பயந்து கடையை மூடவில்லை. நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரியாது. பொய்க்கடை வைக்கிறவருக்கு, காலனியில் நிஜமாக ஒரு கடை இருக்கும் என்று கற்பனையில்கூட வரவில்லை. என்னைக் கெடுக்க நினைத்து அதைச் செய்திருந்தால்கூட என்றாவது ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. இதை மன்னிக்க முடியாது.

"சார், அந்தக் கடை என்னுது" என்று கதவை அகலமாகத் திறந்தேன்.

உள்ளே வரிசையாக இருந்த மோட்டார்களையும், காயில் சுற்றும் மெஷினையும், கொடியில் காயவிட்டிருந்த கம்பிச் சுருள்களையும் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி, அவ்வளவு நேரம் தன் தலைக்கு மேலேயே இருந்த தகர போர்டைப் படித்தார். "நீயாம்மா காயில் கட்டற?" என்றார்.

"எழுதினது தப்புன்னா மாத்திடலாம்மா, அதுக்கு இன்னா" என்று அவரே சொன்னார். போர்டு மாட்ட இடம் கொடுத்தால் அதற்கு இது பதில் என்று கணக்குப் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

"மொதல்ல அத மாத்துங்க சார். அப்புறம் போர்டு பத்தி பேசலாம்" என்றேன்.

வெயிலில் போன் திரை தெரியவில்லை. நிழலைத் தேடி நகர்ந்தவர், முன்பு வேண்டாம் என்ற சேரில் தானாகவே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். "பாத்தத எழுதுங்க" என்றேன். 'நேரில் வந்து பார்த்தேன். இந்த இடத்தில் கடை உள்ளது. தவறாக எழுதிவிட்டேன்' என்று எழுதினார். அடுத்து, மூடப்பட்டது என்பதைத் திறந்திருக்கிறது என்று மாற்றினார். அவர் பட்டம் பெரிய பட்டம், அந்த இடத்திலேயே இருந்து வேறு அழுத்துகிறார். நான் என் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் மூன்று பேரும் ஏதோ ரிசல்ட் வரப்போகிற மாதிரி காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்து போய், 'திறந்திருக்கிறது' என்று பச்சையில் வந்தது. என் கண் கலங்கிவிட்டது. அதை அவருக்குக் காட்டக் கூடாது என்று உள்ளே திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

வெளியே பேப்பர் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் போர்டைப் பிரித்து, என் சுவரில் ஆணி இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க சார்" என்றேன். "இந்த எடத்துல ஏற்கெனவே ஒரு கடை இருக்குது. இப்பதான் நீங்களே எழுதினீங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. நைனாவைப் பார்த்தார், நீயாவது சொல்லப்பா என்கிற மாதிரி. நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார்.

"நீ யாரும்மா?" என்று அந்த ஆள் என்னைக் கேட்டார். அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டு, களம், ரைஸ் மில்லு, அகழி. அந்த நாலையும் எடுத்தவ" என்றேன். "இது அஞ்சாவது."

போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்து, 'இந்த இடம் இங்கே இல்லை' என்பதை அவர் பார்க்கப் பார்க்க அழுத்தினேன்.